டொக்டரம்மாவின் சின்னக் காரும் நான்கு வெள்ளிக்கிழமைகளும்

ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறவனை ஊர் நிம்மதியாக இருக்க விடாது. எங்கள் பக்கத்து மோட்டார் வேலைக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "பாஸ், கார் முடக்கு வளைவுல நல்லா நிக்கிறதுக்கு என்னென்ன மாத்தலாம் எண்டு ஒரு பத்து விசயம் எழுதித் தாங்க. இப்ப எல்லாரும் வந்து, அடுத்ததா என்ன போடலாம், அடுத்ததா என்ன போடலாம் எண்டுதான் கேக்கிறாங்க" என்றார்கள்.

பத்து விசயம் என்னிடம் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் காருக்கு அடியில் கிடந்தவனுக்குப் பத்து விசயம்கூடத் தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஐம்பதுகளில் ஒரு சின்னக் காருக்கு "அடுத்ததா என்ன" என்ற இதே கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நான்கு கிழமை பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதிலிருந்து எத்தனை விசயம் எடுக்கலாம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நான் சாய்ந்தமருதுக்காரன். வாப்பா கரைவலை இழுத்தவர். எனக்குத் தோணியில் ஏறினால் வாந்தி, ஆகவே கல்முனையில் ஒரு கராஜில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம் கழுவினேன், இரண்டு வருடம் கழற்றினேன், அதன் பிறகுதான் பூட்ட விட்டார்கள். பூட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான்.

எங்கள் போர்மன் மஜீத் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். வெற்றிலை போட்ட வாய், வெள்ளைச் சாரன், எண்ணெய் படாத கை. எண்ணெய் வேலை செய்யாதவர் என்று நினைக்க வேண்டாம், செய்த உடனே கழுவிவிடுவார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சாதாரண நாளில் எங்களை "நீ", "வா", "போ" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "நீங்க" என்று தொடங்கினால் கராஜில் சுத்தியல் சத்தம் நின்றுவிடும். பெயரோடு, தேர்ந்த வேலைக்காரரைக் கூப்பிடுகிற "பாஸ்" என்பதையும் சேர்த்துவிட்டால் அன்றைக்கு அந்த மனிதனுக்குச் சோறு இறங்காது.

இன்னொரு பழக்கம், கார் ஓட்டிப் பார்த்தவன் சொல்வதை அவர் நம்பமாட்டார். "நல்லாப் போகுது காக்கா" என்றால் காதில் விழாதவர் போல் இருப்பார். காருக்குப் பின்னால் நடந்துபோய், மண்ணில் விழுந்திருக்கிற சில்லுத் தடத்தைக் குந்தியிருந்து பார்ப்பார். "நீ எனக்குப் பொய் சொல்லுவாய், மண் சொல்லாது" என்பார்.

அந்தக் கார் டொக்டரம்மாவுடையது. டொக்டரம்மா மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கல்முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். எங்கள் பெண்கள் ஆண் டொக்டரிடம் போகமாட்டார்கள் என்பதால், கரையோரத்து ஊர்கள் மட்டுமல்ல, உள்ளே சவளக்கடைப் பக்கத்து வயல் ஊர்களும் அவரைத்தான் நம்பியிருந்தன. பிள்ளைப்பேறு சிக்கலானால் அவருக்கு ஆள் வரும். இங்கிலாந்தில் செய்த இரண்டு கதவுச் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். பெண் கார் ஓட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் வேலிக்கு வந்து நின்ற காலம் அது.

வயல் ஊர்களில் டொக்டருக்கு வெறுங்கையோடு விடைகொடுக்க மாட்டார்கள். பிள்ளை நலமாகப் பிறந்தால் நெல்மூட்டை ஏறும். ஒன்று என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். தாயின் வீட்டார் ஒன்று, தகப்பன் வீட்டார் ஒன்று என்று இரண்டு வரும்போது எதை மறுப்பது? பின்சீட்டில் இரண்டு மூட்டை ஏறியதும் அந்தச் சின்னக் காரின் வால் தரையைத் தேடும், மட்காட் டயரில் உரசும். டொக்டரம்மா ஒருநாள் கராஜுக்கு வந்து, "இதுக்கு ஏதும் செய்யேலாதா, தம்பி?" என்று கேட்டார்.

மஜீத் காக்கா அந்தக் கிழமை தங்கச்சி மகளின் கலியாணத்துக்குப் பொத்துவில் போயிருந்தார். நான் இருக்கிறேனே! லொறி ஸ்பிரிங்கிலிருந்து தகடு வெட்டி, பின்பக்கம் இரண்டிலும் ஒவ்வொரு தகடு கூட்டிப் போட்டேன். அடுத்த முறை இரண்டு மூட்டையோடு கார் நிமிர்ந்து வந்தது. "கெட்டிக்காரன்" என்றார் டொக்டரம்மா. நான் இரண்டு நாள் சந்தைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காக்கா திரும்பி வந்தபோது அவரிடம் சொல்லவுமில்லை. அவராகக் கண்டு மெச்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். சவளக்கடையிலிருந்து ஆள் வந்து டொக்டரம்மா புறப்பட்டார். காலையில் சின்னத் தூறல் போட்டிருந்தது. மேற்கே அணை வேலைக்குப் போகும் லொறிகள் அந்தக் கிறவல் ரோட்டை ஏற்கெனவே உழுது வைத்திருந்தன. வெள்ளம் ரோட்டுக்கு மேலால் ஓடும் தாம்போதிக்கு முன்னால் ஒரு முடக்கு. அதில் காரைத் திருப்பியபோது வால் முந்திக்கொண்டு சுற்றி, கார் பின்புறமாக வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. டொக்டரம்மா சேற்றில் இறங்கி, வந்த மாட்டுவண்டியில் ஏறிப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. அங்கே ஊர் மருத்துவிச்சியே எப்படியோ சமாளித்திருந்தாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். காரை நான்கு எருமை கட்டி இழுத்தார்கள்.

பின்னேரம் டொக்டரம்மா கராஜுக்கு வந்தார். சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது.

"போர்மன், இண்டைக்குக் கடவுள் பார்த்தார். இன்னொரு நாளைக்குப் பார்ப்பாரெண்டு நான் ஒரு தாயை வச்சுக்கொண்டு சூதாட மாட்டன். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில என்னை வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கினம். மாரி துவங்க நாலு கிழமை கிடக்கு. அதுக்குள்ள இந்தக் கார் ஒழுங்கா நிண்டா நான் இருக்கிறன். இல்லாட்டி, வாறனெண்டு எழுதிப் போட்டுருவன். போய்ச்சேர ஏலாத டொக்டரால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

அவர் போன பிறகு மஜீத் காக்கா காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கையைக் கழுவினார். துடைத்தார். "ஆரு இந்தத் தகடு போட்ட?"

"நான்தான் காக்கா."

"இஸ்மாயில் பாஸ்" என்றார். "நீங்க இந்தக் காரப் போறதுக்குச் செஞ்சீங்களா, வாறதுக்குச் செஞ்சீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"மூட்டை வாற நேரம்தானே ஏறுது. வாற நேரம் டொக்டரம்மாக்கு என்ன அவசரம்? வால் உரசினா உரசட்டும், மெதுவா வருவாங்க. போற நேரம்தான் அங்க ஒரு பொம்புள உசிருக்குப் போராடுறா. போற நேரம் பின்சீட்டுல ஒண்டுமில்ல. வெறுங்காருக்கு லொறித் தகடு போட்டா பின்சில்லு மண்ணப் புடிக்குமா, துள்ளுமா? நீங்க நெல்லுக்குக் கார் செஞ்சிரிக்கீங்க, பாஸ்."

வயலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் உள்ள புத்தி அது. எந்த வண்டியைக் கண்டாலும் எத்தனை மூட்டை தாங்கும் என்றுதான் முதலில் பார்ப்போம். அன்று நான் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் ஒருபக்கம், அந்த ஊர்ப் பெண்களை நினைத்து வந்த பயம் ஒருபக்கம்.

தண்டனையும் வந்தது. "டிஸ்பென்சரி வெள்ளிக்கிழமை பூட்டு. காலையில கார் எங்களுக்குக் கிடைக்கும், ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி முடிக்கணும். நாலு வெள்ளி இரிக்கி. ஒரு வெள்ளிக்கு ஒரு மாத்தம்தான். அடுத்து எது எண்டு நீங்கதான் சொல்லணும். ஏன் எண்டும் சொல்லணும்."

எனக்கு அப்போதே ஆசை ஒன்று இருந்தது. பெரிய கார்களின் முன்பக்கத்தில், இரண்டு சில்லையும் இணைத்துக் குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடும். கார் முடக்கில் ஒருபக்கம் சாயாமல் பிடிப்பது அது. அந்தச் சின்னக் காரில் அது கிடையாது. அதைப் போட்டுவிட்டால் கல்முனையில் என் பெயர் நிற்கும் என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்க்க மஜீத் காக்கா தேர்ந்த இடம் அவருக்குத் தெரிந்த ஒரு போடியாரின், அதாவது வயல் முதலாளியின், களவெட்டி. சூடு மிதித்து நெல்லெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டதால் களம் வெறுமையாகக் கிடந்தது. மெழுகி இறுகிய நிலம், மேலே பதரும் தூசும். தடம் அச்சடித்ததுபோல் விழும். போடியார் நல்ல மனிதர், ஆனால் களவெட்டியின் ஒழுங்கை விடமாட்டார். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார். காரின் நான்கு டயரும் ஏறிப்போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பின்டயரைத் தட்டி, "இது முடிஞ்சிபோச்சு காக்கா" என்றபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "களத்துல நிண்டு முடிஞ்ச எண்டு சொல்லாதடா மனே! பெருகின எண்டு சொல்லு!" அன்றிலிருந்து நான்கு கிழமையும் அங்கே தேய்ந்த டயரும், வற்றிய எண்ணெயும், அறுந்த ரப்பரும் எங்கள் வாயில் பெருகிக்கொண்டே இருந்தன.

முதல் வெள்ளி நான் போட்ட தகடுகளை நானே கழற்றினேன். அதில் தெரிவு எதுவுமில்லை. களத்தில் ஓட்டினேன். மஜீத் காக்கா குந்தியிருந்து என்னைக் கூப்பிட்டார். "பாருங்க பாஸ். மெதுவாக் கிறுகி வளையுற நேரம் பின்சில்லுத் தடம் முன்சில்லுத் தடத்துக்கு உள்ளால போகும். வால் வழுக்கினா வெளியால போகும். இங்க என்ன செஞ்சிரிக்கி?" உள்ளே போன தடம் முடக்கின் நடுவில் முன்தடத்தை வெட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் வெளியேதான். அது மட்டுமல்ல, பின்தடம் தொடர்ச்சியாக இல்லை. தையல் போட்டதுபோல் விட்டு விட்டு விழுந்திருந்தது.

அந்த விட்ட இடங்களில் சில்லு நிலத்திலேயே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தது என்ன என்று மண்ணே சொல்லிவிட்டது. "சொக் அப்சோபர், காக்கா." அவர் "ம்" என்றார்.

இரண்டாவது வெள்ளி அந்த வேலை. அந்தக் காலத்து சொக் அப்சோபர் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. உள்ளே எண்ணெய், வெளியே ஒரு கை. சில்லு துள்ளும்போது அந்தக் கை எண்ணெய்க்குள் மெதுவாக அசைந்து துள்ளலை அடக்கும். மஜீத் காக்கா அதைச் சோதிக்கும் முறையை நான் வேறு எங்கும் காணவில்லை. பெட்டியைக் கழற்றிக் குறட்டில் இறுக்குவார். கையின் நுனியில் கடையிலிருந்து வாங்கிவந்த தராசுப் படிக்கல்லைத் தொங்கவிடுவார். கை கீழே இறங்கி முடியும்வரை ஒரே சீராக சுப்ஹானல்லாஹ் ஓதுவார். இடப்பக்கம் நான்கில் விழுந்துவிட்டது. வலப்பக்கம் இரண்டில். எல்லாவற்றையும் கழுவி, வாசர் மாற்றி, கொஞ்சம் தடித்த எண்ணெய் ஊற்றினோம். ஐந்து, ஆறு. மறுபடி எண்ணெய் கலந்தோம். ஏழு, ஆறு. "ரெண்டும் ஒண்டா வரணும்" என்றார். இரண்டும் ஏழுக்கு வரும்போது முஅத்தின் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப்போய் களத்தில் ஓட்டினோம். தையல் மறைந்து தடம் ஒரே கோடாக ஓடியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். போடியாரின் மாடு மிரண்டது.

ஆனால் பின்தடம் இன்னும் வெளியே எட்டிப் பார்த்தது. மூன்றாவது வெள்ளிக்கு நான் கம்பியைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்தடத்தில் டயரின் பூ அச்சே விழவில்லை, வழுவழுவென்று இருந்தது. முன்தடத்தில் பூ நன்றாக விழுந்திருந்தது. நல்ல டயர் இரண்டும் முன்னே, மொட்டை இரண்டும் பின்னே! திருப்பும் சில்லுக்குத்தான் நல்ல டயர் என்று நாங்கள்தான் எப்போதும் அப்படிப் போடுவோம். "டயர மாத்துவம் காக்கா. நல்லது பின்னுக்கு. காத்தும் முன்னுக்குக் கொஞ்சம் குறைவா, பின்னுக்குக் கொஞ்சம் கூட." எனக்கே நம்பிக்கை இல்லாத சத்தத்தில்தான் சொன்னேன். அரை மணித்தியால வேலை. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், அரைவட்டம் முழுக்கப் பின்தடம் முன்தடத்துக்கு உள்ளேயே போயிருந்தது. வேகமாக ஓட்டினேன். உள்ளேதான். இன்னும் வேகமாக. கடைசியில் மட்டும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மஜீத் காக்கா தடத்தோடு அரைவட்டத்தின் கடைசி வரை நடந்து வந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வெள்ளி மிச்சம் இருந்ததே! "கம்பி போடுவம் காக்கா" என்றேன். "ஏன்?" என்றார். "போட்டா இன்னும் நல்லம்தானே" என்றேன். "தெரிவு உங்கட" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

உடைத்துப் போட்ட ஒரு பெரிய காரின் அடியிலிருந்து கம்பியைக் கழற்றி, கொல்லரிடம் கொண்டுபோய்ச் சின்னக் காரின் அகலத்துக்குக் குறுக்கி வாங்கினேன். ஒரு கிழமை பின்னேரங்கள் முழுக்க அதற்கே போனது. நான்காவது வெள்ளி பூட்டினேன். அழகாக இருந்தது. களத்தில் முடக்கில் திருப்பினேன். கார் சாயவே இல்லை, தகரப்பெட்டி போல் நிமிர்ந்து நின்றது. ஆனால் திரும்பவும் இல்லை. மூக்கை நேரே நீட்டிக்கொண்டு களவெட்டியைத் தாண்டி அறுத்த வயலின் அரிவித்தாளுக்குள் இறங்கிப் போய் நின்றது. போடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரிய காரின் கம்பியைக் குறுக்கினால் அது இன்னும் விறைக்கும் என்ற சின்ன விசயத்தை நான் யோசிக்கவேயில்லை.

மேற்கே மழை இருட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கம்பி தேடலாமா, ரப்பரை இளக்கலாமா என்று தலை சுழன்றது. அப்போது போன வெள்ளி பார்த்த தடம் கண்ணுக்குள் வந்தது. அந்தத் தடத்தில் என்ன குறை இருந்தது? ஒன்றுமில்லை. கார் கேட்காத ஒன்றை, என் பெயருக்காக நான் போட்டிருக்கிறேன். முதல் தடவை நெல்லுக்குச் செய்தேன், இந்தத் தடவை எனக்குச் செய்தேன். காருக்கு அடியில் புகுந்து கம்பியைக் கழற்றி வெளியே எறிந்தேன்.

"அடுத்தது என்ன?" என்றார் மஜீத் காக்கா.

"ஒண்டுமில்ல காக்கா. இனி இதுல கை வைக்கப்படாது."

"இஸ்மாயில், நீ போய்க் குளிச்சிட்டு ஜும்ஆவுக்கு வா" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு "நீ"! எனக்கு மெடல் குத்தியிருந்தாலும் அவ்வளவு சந்தோசம் வந்திராது.

மழை செவ்வாய்க்கிழமை பிடித்தது. புதன் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வருகிறேன், கராஜ் வாசலில் டொக்டரம்மாவின் கார் இயங்கிக்கொண்டு நிற்கிறது. சவளக்கடையிலிருந்து ஆள் வந்திருந்தது. தலைப்பிள்ளை, குறுக்கே கிடக்கிறதாம்.

"தம்பி, உங்கட வேலையில உங்களுக்கு நம்பிக்கை இருந்தா முன்னால ஏறுங்க" என்றார் டொக்டரம்மா.

ஏறினேன். ஏறாமல் நிற்க முடியுமா? மழை கண்ணாடியில் கொட்டியது. ரோட்டில் லொறிப் பள்ளமெல்லாம் தண்ணீர். அவர் மெதுவாக ஓட்டவில்லை. என் வாய் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தது. அந்த முடக்கு வந்தது. அவருடைய கை ஸ்டியரிங்கை இறுக்குவதைக் கண்டேன். திருப்பினார். என் முதுகுக்குப் பின்னால் வால் எப்போது நழுவும் என்று உடம்பு முழுக்கக் காதாக இருந்தேன். நழுவவில்லை. பின்சில்லு இரண்டும் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு, முன்சில்லு காட்டிய வழியே வந்தன. முடக்கு முடிந்து தாம்போதி தெரிந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன். தண்ணீர் அரைச் சில்லு அளவு ஓடியது. அதையும் கடந்தோம்.

அந்த வீட்டுக் கூரை இறவாணத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். மழை விட்டு மேற்கு வெளிக்கும் நேரம் உள்ளே பிள்ளை அழுதது. பிள்ளையின் தகப்பன் யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் அதையே சொன்னேன்.

திரும்பி வரும்போது அந்த முடக்கில் ஒரு சைக்கிள் வேலியில் சாத்தியிருந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த தொப்பியோடு மஜீத் காக்கா ரோட்டோரச் சேற்றில் குந்தியிருந்தார். டொக்டரம்மா காரை நிறுத்தினார். காக்கா எழும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"புள்ள?" என்றார்.

"பொம்புளப் புள்ளை. தாயும் சுகம்."

காக்கா தலையை ஆட்டினார். கையைச் சாரனில் துடைத்தார். பிறகு கேட்டார்:

"நீங்க?"

டொக்டரம்மா முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். "நான் எங்க போறது, போர்மன்? பிள்ளைக்கு ஏழாம் நாள் மருந்து குடுக்கக் கிடக்கு. பின்னால ஏறுங்க, சைக்கிளை ஆரும் கொண்டு வருவினம்."

நான் முன்சீட்டில் இருந்து அழுதேன். மழைத்தண்ணீர் என்று சொல்லித் தப்பவும் முடியவில்லை, மழையும் விட்டிருந்தது, என் பக்கத்துக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.